இடப்பக்கமாக வந்தவள்

டமார்!

எலுமிச்சம்பூ வாசத்தில் கிறங்கிப்போய், தலைமயிர் காற்றில் பறக்க, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வளைவில் திரும்பிய துஷாந்தி, அடுத்த கணம் வாய்க்கால் ஓரத்துப் புல்லில் குந்தியிருந்தாள். சைக்கிள் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். எதிரே ஒருவன்... சிவப்புப் பெனியனும் உடம்போடு ஒட்டின கறுப்புக் காற்சட்டையுமாய், தொப்பி மூக்குவரை இறங்கியிருக்க, மல்லாந்து கிடந்தான்.

அவன் இத்தாலியனில் கத்தினான். இவள் அதைவிட உரத்து இத்தாலியனில் கத்தினாள். பலேர்மோவில் வேலைசெய்கிறவளுக்குக் கத்துகிறதற்கு மட்டும் சொல்லுப் பஞ்சமே இல்லை. கத்திக்கொண்டே எழும்பப் பார்த்தாள். முழங்கால் சுரீரென்றது. படித்த இத்தாலியன் எல்லாம் பறந்துபோக, "ஐயோ அம்மா!" என்றாள்.

அவன் கத்துகிறதை நிறுத்தினான். தொப்பியைத் தள்ளிவிட்டுப் பார்த்தான்.

"தமிழோ?"

அட கடவுளே... அந்தக் கண்கள்! கோபத்தில் கூடச் சிரிக்கிற கண்கள் சில பேருக்கு இருக்கும். இவனுக்கு இருந்தது. துஷாந்தி அவசரமாய் முகத்தைத் திருப்பிச் செருப்பைத் தேடினாள்.

"ஐயோ அம்மா எண்டு சீனாக்காரியே கத்துவாள்?"

"அப்ப தமிழிலையே கேக்கிறன். நீங்கள் எந்தப் பக்கத்தாலை ஓடி வாறியள்?"

"சரியான பக்கத்தாலைதான்!"

"தாயே, உது இடப்பக்கம்! இந்த நாட்டிலை எல்லாரும் வலப்பக்கத்தாலைதான் போறது!"

துஷாந்தி ரோட்டைப் பார்த்தாள். மெய்தான்...

பட்டணத்துக்குள் அவளுக்கு இந்தப் பிழை வருவதில்லை. பஸ்ஸும் மொத்தொரினோ ஸ்கூட்டர்களும் நெருக்குகிற நெருக்கில், தள்ளின பக்கம் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் ஓரேதோ ஆற்றோடு வளைந்து வளைந்து போகிற இந்தச் சின்ன ரோட்டில் ஆளுமில்லை, வாகனமுமில்லை. ஆறு சலசலக்கும், குருவி கத்தும், அவ்வளவுதான். இப்படி ஒரு அமைதி கிடைத்தால் மனம் ஊருக்கு, கோண்டாவிலுக்குப் போய்விடும், கை தன் பாட்டில் இடப்பக்கம் போய்விடும். பெற்றோல் இல்லாத காலத்து யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, ஆசுப்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளிலேயே திரிந்த கை அது. அதற்கு யார் வந்து இத்தாலிச் சட்டம் சொல்வது?

இதையெல்லாம் இவனிடம் சொல்வாளா? நல்ல கதை!

"ஒரு ஈ காக்கா இல்லாத றோட்டு. எந்தப் பக்கத்தாலை வந்தால் என்ன? கண் இருக்குத்தானே, விலத்தியிருக்கலாமே?"

"விலத்தினால் வாய்க்காலுக்கை விழவேணும்."

"விழுந்திருக்கலாமே?"

"விழுந்துதானே கிடக்கிறன்!"

பார்த்தாள். உண்மையாகவே அவனுடைய ஒரு கால் தண்ணீருக்குள்தான் கிடந்தது. சிரிக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் எழும்பித் தன் சைக்கிளைத் தூக்கினதும் அவன் முகம் வாடியது. முன்சில்லு அப்பளம் மாதிரி நெளிந்து போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து மழை. சித்திரை மாதத்து மழை, சொல்லாமல் கொள்ளாமல் சோவென்று கொட்டியது. இரண்டு பேரும் சைக்கிள்களை இழுத்துக்கொண்டு எலுமிச்சைத் தோட்டத்துப் பம்ப் அறைக்குள் ஓடி ஒதுங்கினார்கள்.

அவன் பெயர் யசிந்தன். மன்னார் ஆள். கடற்கரைப் பக்கத்து றெஸ்ரோரன்ற் ஒன்றில் குசினி வேலை. கோப்பை கழுவி மிச்சம் பிடித்த காசில் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கி, ஓய்வு கிடைத்தால் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துவிடுவான். ஞாயிறுகளில் சிசிலியன் ஆட்களின் சைக்கிள் கிளப்போடு ஓடுவான். துஷாந்தி, பட்டணத்தில் சீசா என்கிற பகுதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சின்னோராவை, பராமரிக்கிறவள். ஞாயிறும் வியாழக்கிழமைப் பின்னேரமும் அவளுக்கு லீவு. சின்னோராவின் மகள் விட்டுப்போன, முன்னுக்குக் கூடை வைத்த சைக்கிளும் அவளுக்குத்தான்.

"நீங்கள் உந்த உடுப்போடை வெளியிலை வர வெக்கப்படுறேல்லையோ?"

"உங்கடை கூடைக்கை என்ன, கத்தரிக்காயோ?"

"எலுமிச்சம்பழம்!"

"ஆரும் தந்ததோ, களவோ?"

"கீழை விழுந்து கிடந்தது..."

"ஓமோம். நீங்கள் இடிச்சு விழுத்தியிருப்பியள்."

மழை விட்டது. நெளிந்த சில்லோடு அவன் நடந்துதான் திரும்ப வேண்டும். துஷாந்தி ஏறி ஓடியிருக்கலாம். அவளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். பாதி வழியில், ஈர ரோட்டைப் பார்த்தபடி, "சரி... பிழை என்ரைதான்" என்றாள்.

"என்ன? கேக்கேல்லை."

"நான் ஒருக்காத்தான் சொல்லுவன்!"

அடுத்த வியாழன் அவன் அந்த வளைவில் புதுச் சில்லோடு நின்றான். தற்செயலாம்! துஷாந்தியும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை அன்றைக்கென்று தற்செயலாய்ப் போட்டுவந்திருந்தாள். அதற்கடுத்த வியாழனும் அப்படியே ஒரு தற்செயல். அப்படிப் போயின அந்த வசந்தத்து வியாழக்கிழமைகள்.

ஊரில் என்றால் பெடியன் ஒருவன் பெட்டையின் சைக்கிளுக்குப் பின்னால் மாசக்கணக்காய் ஒரு சொல் கதைக்காமல் ஓடுவான். இங்கே தெருவும் இல்லை, சந்தியும் இல்லை, பார்க்க ஒரு சனமும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். கதைத்துக் கதைத்து வாய் வலிக்க ஓடினார்கள். ஆனால் கல்லுப்பாலம் வந்ததும் துஷாந்தி இறங்கிவிடுவாள். அங்கிருந்து ரோட்டு அல்தொபொந்தே என்கிற மலையூருக்கு மேலே மேலே ஏறும்.

"வாருங்கோவன், மேலை போவம்."

"எனக்கேலாது. யாழ்ப்பாணத்திலை மேடு எண்டால் வாய்க்கால் மதவு மட்டும்தான். உது மலை!"

"உங்கடை வாய்க்கு இருக்கிற பலம் காலுக்கும் இருக்கும்."

"நக்கலோ?"

பாலத்தின் கல்லுக்கட்டில் குந்தியிருந்துதான் ஒருநாள் அவன் பிரான்ஸ் கதையைச் சொன்னான். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த றெஸ்ரோரன்றுக்கு ஒரு பிரெஞ்சுத் தம்பதி வருவார்கள். அவர்கள் இருக்கிறது தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில். சைக்கிளில் ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சின்னச் சின்ன ரோட்டுகளால் போகிறதுதான் அவர்களின் தொழில். யசிந்தன் ஓடுகிற விதத்தைப் பார்த்துவிட்டு, கோடைக்கு வழிகாட்டியாய் வா, பேப்பர் அலுவல்களை நாங்கள் பார்க்கிறோம் என்று கேட்டிருந்தார்கள்.

"ஆத்தோடை ஒட்டியே றோட்டுப் போகுமாம். ரெண்டு பக்கமும் வாதுமை மரமாம். காலமை பனிப்புகாருக்குள்ளை ஓடினால் சைக்கிள் சத்தத்தைத் தவிர ஒண்டும் கேக்காதாம்... பழைய தண்ணி மில், கல்லுவீடு, வாத்து... கார் எண்டதே அருமையாம். நினைச்சுப் பாருங்கோ!"

அவள் நினைத்துப் பார்த்தாள். அந்தப் புகாருக்குள் அவன் தனியப் போய் மறைவதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"போறியளோ?"

"தெரியேல்லை" என்றான் அவன், ஆற்றைப் பார்க்காமல் அவளைப் பார்த்து. "போகாமலிருக்க ஒரு காரணம் கிடைச்சால் போகன்."

அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் அவள் சைக்கிள் பெல்லை அடித்தாள். விசர் பெட்டை! அந்த இடத்தில் சொல்ல எத்தனை சொல் இருந்தது... பெல் அடித்தாளாம்.

அன்று திரும்பும்போது இருட்டிக்கொண்டு வந்தது மழை. பட்டணத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் அவள் இருக்கிற ஒழுங்கை வரை யசிந்தன் கூட வந்தான். ஒழுங்கை வாசலில் அவளுடைய அண்ணை ஞானசேகரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழியில் பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்று இவர்களைக் கண்ட அயல்வீட்டு றோசமலர் அக்கா, "உங்கடை தங்கச்சி ஆரோ பெடியனோடை சோடியாய்ச் சைக்கிள் ஓடுறாள், நல்ல வடிவாயிருக்கு" என்று ரெலிபோனில் ஏற்கெனவே அவர் காதில் போட்டிருந்தார்.

ஞானசேகரம் கெட்ட மனிதர் இல்லை. தங்கச்சியை இங்கே கூப்பிடப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஆனால் மானம், மரியாதை என்று வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது.

"ஆர் தம்பி நீ? எந்த ஊர்?"

"மன்னார், அண்ணை. பேர் யசிந்தன்."

"வேதமோ, கிறிஸ்தவப் பெடியனோ?"

"ஓம்."

"என்ன வேலை?"

"குசினியிலை..."

"கோப்பை கழுவுறவருக்குப் பின்னேரத்திலை பொம்பிளைப் பிள்ளையளோடை சைக்கிள் ஓட்டமோ?"

மாடி மாடியாய் யன்னல்கள் திறந்தன. தமிழ் விளங்காத சிசிலியன் கிழவிகளுக்குக்கூட விசயம் விளங்கிவிட்டது. ஞானசேகரம் தங்கச்சியின் பக்கம் திரும்பினார்.

"உன்னைக் கேக்கிறன். உவன் ஆர் உனக்கு?"

யசிந்தன் அவளைப் பார்த்தான். ஒரு சொல்... ஒரேயொரு சொல் வந்தால் போதும் என்பதுபோல் பார்த்தான். துஷாந்தி மேலே யன்னல்களைப் பார்த்தாள். ஒழுங்கை முழுக்கக் கண்ணாய் இருந்தது.

"ஒருத்தருமில்லை... றோட்டிலை கண்ட ஆள்" என்றாள்.

சொன்னவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. யசிந்தன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது. "ஓம் அண்ணை, அவ சொல்லுறது சரி" என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பி மழைக்குள் போனான்.

அடுத்த வியாழன் வளைவில் யாரும் இல்லை. பாலத்திலும் இல்லை. துஷாந்தி பாலத்துக் கட்டில் தனிய இருந்து, ஆற்றுக்குக் கேட்கும்படி அழுதுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை பல்லரோவில் றோசமலர் அக்கா அவள் கையைப் பிடித்தார். தான் வாய்விட்டதால் வந்த வினை என்று அக்காவுக்கும் மனம் குறுகுறுத்திருக்க வேண்டும்.

"பிள்ளை, அந்த மன்னார்ப் பெடியனை மாதா கோயிலிலை கண்டனான். பிரான்சுக்குப் போகப் போறானாம். நாளைக்குக் கிளப் ஆக்களோடை அந்தப் பிரெஞ்சுக்காரரும் அல்தொபொந்தேக்கு ஓடீனமாம். மேலை போய் முடிவு சொல்லவேணுமாம். பின்னேரம் அதுகள் கப்பல் ஏறீடுங்கள்."

"அவர்... ஏதும் சொன்னவரோ?"

"இஞ்சை நிக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்லையெண்டான்."

அன்றிரவு துஷாந்திக்கு நித்திரை வரவில்லை. காரணம் அவள் வாயில்தான் இருந்தது, அதை விழுங்கினதும் அவள்தான். இனி யாரை நொந்து என்ன பலன்?

ஞாயிறு காலமை, அண்ணைக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டின் கீழ் இருந்த சைக்கிளை எடுத்தாள்.

"எங்கை வெளிக்கிடுறாய்?"

"அண்டைக்கு உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான் அண்ணை. அவர் றோட்டிலை கண்ட ஆளில்லை. அதை அவரிட்டைச் சொல்லப் போறன்."

"எடி! நில்லடி!"

யார் நின்றது? ஒழுங்கையைத் தாண்டி, பூட்டியிருந்த கடைகளைத் தாண்டி, பட்டணத்தின் கடைசி வீடுகளைத் தாண்டிப் பறந்தாள். பின்னால் படபடவென்று அண்ணையின் பழைய மொத்தொரினோ. "நில்லடி! சனம் சிரிக்கப் போகுது! நில்!"

எலுமிச்சைத் தோட்டம் வந்தது, ஆறு வந்தது. பாலமும் வந்தது. மலையைப் பார்த்தாள். அது கொஞ்சம்கூட இரங்குகிற மாதிரித் தெரியவில்லை.

"இண்டைக்கு நீயோ நானோ பாப்பம்" என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

முதல் வளைவிலேயே மூச்சு முட்டியது. இரண்டாவது வளைவில் தொடை பற்றியெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. சைக்கிள் ஆமைபோல் ஊர்ந்தது. பக்கத்தில் மொத்தொரினோவில் வந்த அண்ணைக்குத் தொண்டையே கட்டிவிட்டது. "போதும் துஷி... இறங்கு. வீட்டை போவம். நெஞ்சடைச்சுச் சாகப் போறாய்!"

அவளுக்கும் இறங்கத்தான் தோன்றியது. கால் இனி இல்லை என்றது. உண்மையில் ஒரு காலை நிலத்தில் ஊன்றியும் விட்டாள்.

அப்போதுதான் அந்தச் சிரிப்புக் கேட்டது. கிளப் கூட்டத்தில் பின்தங்கிப்போன தொந்திக்காரர்கள் இரண்டு மூன்று பேர், மர நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பளபளக்கிற சைக்கிள், பளபளக்கிற உடுப்பு. கூடை வைத்த சைக்கிளையும் ரப்பர்ச் செருப்பையும் பார்த்துவிட்டு ஒருவன், "சின்னோரினா, சந்தை கீழேயல்லவா இருக்கிறது?" என்று இத்தாலியனில் கேட்க, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஞானசேகரத்தின் முகம் சிவந்தது. தன் தங்கச்சியை அவர் ஏசலாம், மறிக்கலாம். தொந்தி வைத்தவன் ஒருவன் பார்த்துச் சிரிப்பதா?

"எடி துஷாந்தி!" என்று கத்தினார். "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மிதி!"

அவள் நம்பமுடியாமல் பார்த்தாள்.

"மிதியடி எண்டுறன்! கோண்டாவில் பெட்டையெண்டால் ஆரெண்டு காட்டு! எழும்பி நிண்டு மிதி! உவங்களை முந்திக் காட்டு!"

எழும்பி நின்று மிதித்தாள். தொந்திக்காரர்கள் திடுக்கிட்டுச் சைக்கிளில் ஏறுவதற்குள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்த வளைவில் இன்னும் ஒருவன், அதற்கடுத்ததில் இன்னும் இரண்டு பேர். பின்னால் அண்ணை ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு, "விடாதை! அவ்வளவுதான்... இன்னும் கொஞ்சம்! என்ரை ராசாத்தியெல்லே!" என்று ஊரைக் கூட்டினார். துஷாந்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. மூச்சுத்தான் வரவில்லை.

அல்தொபொந்தேயின் ஊர்ச்சதுக்கம். நடுவில் நீரூற்று. முதலே வந்துவிட்ட சைக்கிள்காரர்கள் அங்குமிங்குமாய் நின்றார்கள். நீரூற்றின் கட்டில் யசிந்தன் தலைகுனிந்து இருந்தான். முன்னால் அந்தப் பிரெஞ்சுக்காரி அவன் பதிலுக்குக் காத்து நின்றாள். ஹோர்ன் சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினார்கள். கூடை வைத்த சைக்கிள் ஒன்று, நீலச் சட்டை, அவிழ்ந்த கூந்தல், வியர்வையில் மினுங்குகிற முகம்... "பிராவா! பிராவா!" என்று சதுக்கமே கைதட்டியது.

யசிந்தன் எழும்பி நின்றான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை, பயம் கலந்த ஒரு ஆசை இருந்தது.

துஷாந்தி சைக்கிளைப் போட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"முதல்லை தண்ணி குடியுங்கோ" என்றான் அவன்.

"வேண்டாம்! தண்ணி குடிச்சால் பயம் வந்திடும்." இடுப்பில் கை ஊன்றி ஒரு மூச்சு இழுத்தாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அண்டைக்குச் சனத்துக்குப் பயந்து பொய் சொல்லிட்டன். இப்ப அண்ணைக்கும் முன்னாலை, இவ்வளவு சனத்துக்கும் முன்னாலை சொல்லுறன். யசிந்தன், எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. போறதும் நிக்கிறதும் உங்கடை விருப்பம். சொல்லாமல் விட்டிட்டன் எண்டு நான் கிடந்து அழேலாது. அதுதான் வந்தனான்."

மொத்தொரினோவை நிறுத்திவிட்டு ஞானசேகரம் நடந்து வந்தார். யசிந்தன் நிமிர்ந்து நின்றான்.

"தம்பி, உவள் மேடு ஏறினதைப் பாத்தனியோ?"

"கடைசித் துண்டைத்தான் பாத்தனான், அண்ணை."

"நான் அடியிலையிருந்து பாத்தனான். நில்லு நில்லு எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். நிண்டாளே? இனி உவளை என்னாலை மறிக்கேலாது. வேதமோ சைவமோ, ரெண்டு கோயிலுக்கும் போய்த் தாலி கட்டுங்கோ. அண்டைக்கு நான் கதைச்சது பிழை. மனசிலை வைச்சிராதை."

பிரெஞ்சுக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. "அல்லோரா, யசின்? சீ ஓ நோ?" என்றாள்.

யசிந்தன் துஷாந்தியைப் பார்த்தான். "மதாம் கேக்கிறா, ஓமோ இல்லையோ எண்டு. நான் என்ன சொல்ல?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

அவன் முகம் விழுந்துபோனது. "என்னைப் போகச் சொல்லுறியளோ?"

"உங்களைத் தனியப் போகச் சொல்லி ஆர் சொன்னது?" என்றாள் அவள். "வாதுமை மரம், தண்ணி மில், பனிப்புகார் எண்டு எல்லாத்தையும் எனக்குச் சொல்லி ஆசைகாட்டிப்போட்டு, தான் மட்டும் போறாராம்! கேளுங்கோ அவவிட்டை, சம்சாரத்தோடை வந்தால் ஏத்துக்கொள்ளுவாவோ எண்டு."

ஞானசேகரம் இருமினார். யசிந்தன் தடுமாறித் தடுமாறி மொழிபெயர்த்தான். பிரெஞ்சுக்காரி ரப்பர்ச் செருப்பைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், ஏறிவந்த ரோட்டைப் பார்த்தாள். பிறகு தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தாள். இந்தச் சைக்கிளில் இந்த மலையை ஏறினவள் எங்கள் ஆற்றங்கரையில் பறப்பாள், இரண்டு பேரும் வாருங்கள், பேப்பர் அலுவலைச் சேர்த்தே பார்ப்போம் என்று கையை நீட்டினாள்.

அந்தக் கையைக் குலுக்கிவிட்டு யசிந்தன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"துஷாந்தி... எனக்கும்தான்."

"எனக்கும்தான் எண்டால்?"

"அதுதான்... நீங்கள் சொன்னது..."

"நான் இவ்வளவு மேடு ஏறி வந்து முழுசாச் சொன்னனான். நீங்களும் முழுசாச் சொல்லுங்கோ."

அவன் சொன்னான். முதலில் தமிழில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு இத்தாலியனில், சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி. பிறகு ஞானசேகரத்தின் பக்கம் திரும்பி, "அண்ணை, எனக்கு உங்கடை தங்கச்சியைப் பிடிச்சிருக்கு" என்று மூன்றாந்தரமும் சொன்னான்.

அண்ணைதான் முதலில் கைதட்டினார்.